எனெய்தாவின் குரலுக்கு வேறொரு முகம்

எனெய்தா கசியானியின் குரலைக் கேட்காமல் எங்கள் ஒலாயா பேட்டையில் வளர்ந்தவர்கள் யாரும் இல்லை. அது யாருடைய குரல் என்று எங்கள் தெருக்களுக்கு வெளியே தெரிந்தவர்களும் யாரும் இல்லை. எங்கள் ஆட்டப் பாட்டான சம்பேட்டாவில் ஆண் ஒரு வரி பாடுவான், பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பதில் சொல்லும். ஆடுகிறவர்களின் இடுப்பைத் திருப்புவது அந்தப் பதில்தான். இருபது வருடமாக எங்கள் நகரமான கார்த்தஹேனாவில் வெளிவந்த பாட்டுகளில் பாதிக்கு அந்தப் பதிலைச் சொன்னவர் எனெய்தா. சுவரொட்டியில் ஆணின் பெயர் பெரிதாக இருக்கும். அவன் நண்பர்கள் பெயர், அவனுக்குப் பீர் வாங்கிக் கொடுத்த கடைக்காரன் பெயர்கூடப் பாட்டுக்குள் இருக்கும். எனெய்தா பாடி முடித்ததும் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வேலைக்குப் போய்விடுவார்.

வேலை, கடற்கரையில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில். அது தரைக்குக் கீழே இருந்தது. மேலே வெள்ளைக்காரர்கள் கடல் பார்க்கும் சன்னலுக்காகப் பணம் கொடுத்துத் தங்க, கீழே சன்னலே இல்லாத அறையில் எங்கள் பெண்கள் அவர்களுடைய படுக்கை விரிப்புகளை வெளுத்தார்கள். வெளுப்பு மருந்தில் ஊறி எனெய்தாவின் விரல் கணுக்கள் வெடித்திருக்கும். தேவாலயத்தில் இதைத் தாங்கிக்கொள்பவர்களுக்கு மேலே இடம் உண்டு என்று சொல்கிறார்கள். மேலே உள்ள இடத்தை ஓட்டல்காரன் ஏற்கெனவே வாடகைக்கு விட்டுவிட்டான் என்பது அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

அவருக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு சொந்தமாக ஒரு பாட்டு வந்தது. சலவைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, மேலே விரிப்பு மாற்றப் போனவள், தலை சுற்றியதால் ஒரு கட்டிலில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டாள். மேற்பார்வைக்காரி பார்த்தாள். அன்றே வேலை போயிற்று. விரிப்பு மறுபடி சலவைக்கு வந்தது. அதை எந்திரத்தில் போடும்போது எனெய்தாவின் வாயில் தானாக வந்த வரிகள் இவை:

நான் விரிச்ச வெள்ளையில நீ படுத்துத் தூங்குற,
நான் படுத்தா மட்டும் ஏன்டா அது அழுக்காகுது?

இந்த இரண்டு வரியில் இருக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல், எங்கள் முன்னோரை அடிமைகளாகக் கப்பலிலிருந்து இறக்கிய எங்கள் நகரம் நானூறு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டது.

பாட்டை வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் ஒரு பிக்கோ வேண்டும். பிக்கோ என்றால் வீட்டுச் சுவர் உயரத்துக்கு அடுக்கி, நெருப்பு நிறத்தில் படம் வரைந்த ஒலிபெருக்கிகள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதன் முன்னால்தான் எங்கள் சனம் ஆடும். காலிஸ்தோ பூப்போவிடம் ஒரு பிக்கோ இருந்தது. அவர் வீட்டுப் பின்கட்டில், முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிய சின்ன ஒலிப்பதிவு அறையும் இருந்தது. கீபோர்டு வாசிப்பது, பதிவு செய்வது, ஆட்டத்தின்போது மைக்கைப் பிடிப்பது எல்லாம் தெய்னெர் என்ற இளைஞன். எனெய்தா பாடிக் காட்டினார். காலிஸ்தோ வாயிலிருந்த பல்குச்சியை எடுத்துவிட்டார்.

"இத யாரு எழுதுனது?"

"நான்தான்."

"நெசமாவா கருப்பி? இத்தன வருஷமா இத வயித்துக்குள்ளயா வச்சிருந்த?"

"வயித்துக்குள்ள வைக்க வேற எதுவும் குடுக்கலயே நீங்க."

தெய்னெர் சிரித்து உருண்டான். காலிஸ்தோவும் சிரித்தார். பாட்டை அன்றே பதிவு செய்தார்கள். முடிந்ததும் காலிஸ்தோ சொன்னார், "இப்பல்லாம் சனம் காதால பாட்டு கேக்கறதில்ல, கண்ணாலதான் கேக்குது. ஒரு நிமிஷத்துக்கு விளம்பர வீடியோ ஒண்ணு போட்டாத்தான் எடுபடும். சிம்பிளா ஒண்ணு எடுத்துருவோம். உனக்கு என்ன வேணும்னு சொல்லு."

"என் மூஞ்சி வரணும். என் பேரு வரணும். வேற ஒண்ணும் கேக்கல."

அவர் வாழ்நாளில் கேட்டது இது ஒன்றுதான். அதை அவர் யாசகமாகக் கேட்கவில்லை. சம்பளத்தைக் கேட்கும் குரலில் கேட்டார்.

ஞாயிறு காலை எனெய்தாவின் தங்கை கந்தெலாரியாவின் மொட்டை மாடியில் படப்பிடிப்பு. கந்தெலாரியா தையல்காரி, அக்காவுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு கவுன் தைத்திருந்தாள். கொடியில் வெள்ளை விரிப்புகளைக் காயப்போட்டு, அவற்றுக்கு நடுவிலிருந்து எனெய்தா நடந்து வர வேண்டும் என்பது திட்டம். தெய்னெர் தன் போனைத் துடைப்பக்கட்டையில் ரப்பர் பேண்டால் கட்டியிருந்தான். பக்கத்து மாடிகளிலெல்லாம் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

"அக்கா, கண்ண மேல தூக்காதீங்க. சாமி கும்புடுற மாதிரி இருக்கு."

"சாமியா? அந்தாளு எனக்கு என்ன செஞ்சுட்டாருன்னு நான் அவர நிமிந்து பாக்கணும்?"

"ஏய், ஏய்!" என்று கந்தெலாரியா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மழ வந்து துணி நனைஞ்சா நீதான்டீ காரணம்."

"நனைஞ்சா நான்தான் காயப் போடுவேன். இருபது வருஷமா அதத்தான செய்றேன்."

எதிர் மாடிக்காரர் கத்தினார், "எனெய்தா, கொஞ்சம் இடுப்ப ஆட்டும்மா! வெறும் விரிப்புத்தான் ஆடுது!" அவர் மனைவி அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எனெய்தா விரிப்பை விலக்கிக்கொண்டு வந்து, கேமராவை நேராகப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அங்கே இருந்தேன். அந்த முகத்தில் கோபம் இல்லை. ஒரு மனுஷி இன்னொரு மனுஷனிடம் நியாயமாகக் கேட்கும் கேள்வி இருந்தது. அப்படிப்பட்ட முகத்தை ஓட்டல் விளம்பரத்திலோ டிவியிலோ நான் பார்த்ததே இல்லை.

காலிஸ்தோ அந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு."

"ஆனா?" என்றார் எனெய்தா.

"ஆனா ஜெப வீட்டுல போடுற படம் மாதிரி இருக்கு கருப்பி. வெளிச்சம் பத்தல."

காலை பத்து மணி வெயிலில் எடுத்த படம் அது. எங்கள் ஊரில் யாரும் கறுப்பு வேண்டாம் என்று சொல்வதில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் கறுப்பு, எல்லாரும் சகோதரர்கள், எல்லாரும் ஒரே பானைச் சோறு. அதனால் "வெளிச்சம் பத்தல" என்று சொல்வார்கள். வெளிச்சம் பத்தாதவர்களுக்கு வயது நாற்பத்திரண்டாகவும் இருந்துவிட்டால் அந்த இருட்டைப் போக்க எந்த விளக்காலும் முடியாது.

காலிஸ்தோ ஒரு பெண்ணை அழைத்து வந்தார். யுரானிஸ், பத்தொன்பது வயது. வணிக வளாகத்தில் வாசனைத் திரவியம் விற்பவள். கோதுமை நிறம், நீளமான முடி. பாட்டுக்கு அவள் வாயசைப்பாள்.

"இது சும்மா விளம்பரத்துக்குத்தான்" என்றார் காலிஸ்தோ. "பாட்ட நான் மூடி வைக்கிறேன். யாரு பேரும் போடல. உன் பேரும் இல்ல, அவ பேரும் இல்ல, பிக்கோ பேரு மட்டும். டிசம்பர்ல திறக்குறோம். அன்னிக்கு உன்ன மேடையில ஏத்தி, 'இதோ பாருங்கடா, இவதான்டா அது'ன்னு சொல்றேன். ஊரே வாயப் பொளக்கும்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மூடி வைப்பது எங்கள் பழக்கம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் இசைத்தட்டுகள் வந்த காலத்தில், நல்ல பாட்டு கிடைத்த பிக்கோக்காரர் அதன் மேலிருந்த காகிதத்தைச் சுரண்டிவிடுவார். யார் பாடியது, எந்த நாடு என்று எதிரி பிக்கோவுக்குத் தெரியக் கூடாது. அந்தப் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் அவரிடம்தான் வர வேண்டும். ஆடுகிறவர்கள் தங்களுக்குத் தோன்றிய பெயரை அதற்கு வைத்துக்கொள்வார்கள். மாதங்கள் கழித்து உண்மைப் பெயர் வெளியே வரும்போது அது ஒரு திருவிழா. மோசமான பாட்டை யாரும் மூடுவதில்லை. எனெய்தா இதில் பிறந்து வளர்ந்தவர். தன் பாட்டை மூடுகிறார்கள் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

கந்தெலாரியாவுக்கு மலரவில்லை. "மஞ்சத் துணி வேஸ்டா போச்சு. உன் தொண்டைய எடுத்து அவ கழுத்துல மாட்டுறான், நீ பல்லக் காட்டிக்கிட்டு வர்ற!"

"மூடி வைக்கிறார்டீ. நல்ல பாட்டத்தான மூடுவாங்க?"

"எதுக்குடீ அப்ப அவ?"

"சும்மா ஆடுறதுக்கு."

இசைத்தட்டைச் சுரண்டினால் அங்கே யாரும் இல்லாத ஓர் இடம் மிஞ்சும். அந்த இடம் காத்திருக்கும், உரியவர் வந்து உட்காரும்வரை. வீடியோவில் அந்த இடம் காலியாக இல்லை. அங்கே யுரானிஸ் இருந்தாள். பெயர் போடாத வீடியோவில் வாயசைக்கும் முகமே பெயர். எனெய்தாவுக்கு இது புரியவில்லை. காலிஸ்தோவுக்குமே புரியவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுக்க மனமில்லை. தனக்கு லாபம் தரும் விஷயங்கள் எவருக்கும் தாமதமாகத்தான் புரியும்.

வீடியோ மீன்சந்தையில் வதந்தி பரவுவது போலப் பரவியது. முதலில் ஒலாயா, பிறகு பக்கத்து நகரம் பரான்கியா, பிறகு கடலோரமே காணாத தலைநகர் பொகோட்டாக்காரர்கள்வரை. சின்னப் பெண்கள் வெள்ளை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு யுரானிஸ் மாதிரி ஆடிப் படம் எடுத்தார்கள். யாரோ ஒருவர் அவள் பெயரைக் கண்டுபிடித்துக் கீழே எழுதினார். அவ்வளவுதான். பாட்டு யுரானிஸின் பாட்டாகிவிட்டது.

சலவைக்கூடத்திலும் அது ஒலித்தது. பழைய பெண்களுக்கு விஷயம் தெரியும். அவர்கள் எனெய்தாவைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். ஒரு நாள் எந்திரத்துக்கு முன்னால் நின்று அவர் தன்னை மறந்து பாடினார். புதிதாக வந்த பெண் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள்.

"செமையா பாடுறீங்க அக்கா! அப்படியே யுரானிஸ் குரல்! கண்ண மூடுனா வித்தியாசமே தெரியல!"

பழைய பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. எனெய்தா, "நன்றிம்மா" என்றார்.

யுரானிஸ் கெட்டவள் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் பொரித்த மீனும் தேங்காய்ச் சோறும் வாங்கிக்கொண்டு எனெய்தாவின் வீட்டுக்கே வந்தாள். வாசலில் நின்று அழுதாள்.

"அக்கா, நான் சொன்னேன். சத்தியமா சொன்னேன். ரேடியோல கூப்புட்டாங்க. 'இது என் குரல் இல்ல, ஒலாயால ஒரு அக்கா பாடுனது'ன்னு சொன்னேன்."

"சொன்னியா?"

"சொன்னேன்க்கா. அந்த ஆளு சிரிக்கிறாரு. 'பாருங்க, எவ்ளோ அடக்கம் இந்தப் பொண்ணுக்கு'ன்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு."

கந்தெலாரியா உள்ளேயிருந்து, "அந்த அடக்கத்த நீயே வச்சுக்கடீ, எங்க அக்காவுக்கு அது நெறைய இருக்கு" என்று கத்தினாள். எனெய்தா தங்கையை அதட்டிவிட்டு அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார். "சாப்ட்டியா நீ? வா, இத மூணு பேரும் திம்போம்." மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பிறகு எனெய்தா அவளுக்கு மூச்சை எங்கே விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். வாயசைப்பவள் மூச்சு விடும் இடம் தப்பாக இருந்தது இத்தனை நாளும் அவரை உறுத்திக்கொண்டிருந்ததாம்.

டிசம்பர் வந்தது. எனெய்தா மஞ்சள் கவுனை இஸ்திரி போட்டு வைத்துவிட்டுக் காலிஸ்தோவைப் பார்க்கப் போனார். அவர் பாசமாக நாற்காலி போட்டார்.

"இப்பத் திறந்தா என்ன ஆகும்னு யோசி கருப்பி. சனம், நம்மள ஏமாத்திட்டான்னு சொல்லும். பாட்டே செத்துரும். உன் பாட்ட நீயே கொல்லுவியா?"

"எனக்குக் குடுத்த வாக்கு?"

"வாக்கு எங்கயும் போகல. ரெண்டாவது பாட்டு ஒண்ணு கேக்குறாங்க. முதல்ல அதப் போடுவோம்."

எனெய்தா மறுத்திருக்கலாம் என்று தெருவில் பலர் பேசினார்கள். மறுத்து எங்கே போவது? வேறு பிக்கோக்காரர்களும் இதே நாற்காலியைத்தான் போடுவார்கள். அவர் உட்கார்ந்து யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் பாட்டுகளில் நடுவே ஆட்களின் பெயரைக் கூவிச் சலாம் சொல்வது வழக்கம்: மீன்காரன், பஸ் டிரைவர், ரவுடி, கவுன்சிலர், யார் வேண்டுமானாலும். "அந்த எடத்துல என் பேர நானே சொல்லுவேன். வீடியோல அந்தப் பொண்ணு அதுக்கு வாயசைக்கணும். அவ வாயால என் பேரு வரணும்."

காலிஸ்தோ யோசித்துப் பார்த்தார். "இவ்ளோதானா? சரி."

எனக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. திருடிய வாயைக் கொண்டே சாட்சி சொல்ல வைக்கும் யோசனை அது. வக்கீல்கள் இல்லாத மனிதர்கள் வேறு எப்படித்தான் வழக்கு நடத்துவது?

பதிவு நாளில் எனெய்தா தெய்னெரிடம் சொன்னார், "தம்பி, என் பேரு வர்ற எடத்துல எல்லாத்தையும் நிறுத்திரு. ட்ரம், கிட்டார், பேஸ், ஒண்ணும் வேணாம். ஒரு மூச்சு நேரம். என் பேரு மட்டும் தனியா நிக்கணும்."

"நிறுத்திட்டேன்க்கா. ஊசி விழுந்தா கேக்கும்."

எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றன. அந்த வெறுமையில் எனெய்தா சொன்னார்: "நான் எனெய்தா கசியானி, ஒலாயாக்காரி!" பிறகு மேளம் மறுபடி விழுந்தது. ஒரு வாரம் கழித்து யுரானிஸ் அதற்கு வாயசைத்தாள். மூச்சை விட வேண்டிய இடத்தில் விட்டாள். தெய்னெரின் போனில் அந்த அழகான உதடுகள் தன் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் அசைவதை எனெய்தா பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். கந்தெலாரியாவே, "பரவால்ல, புள்ள தெளிவாத்தான் சொல்றா" என்று ஒப்புக்கொண்டாள்.

சனவரியில் ஒரு ஞாயிறு மதியம் பாட்டை வெளியிட்டார்கள். பிக்கோவுக்குப் பக்கத்தில் பெரிய திரை கட்டி அதில் வீடியோ. எங்கள் தெரு மொத்தமும் போயிருந்தது. எனெய்தா மஞ்சள் கவுனில், முன்வரிசையில், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். புழுதி முழங்கால்வரை எழும்பியது. பாட்டு தொடங்கியதுமே பிடித்துக்கொண்டது. திரையில் யுரானிஸ் ஆடினாள். மேடையில் தெய்னெர் கீபோர்டோடு பாட்டின் மேல் தன் மேளத்தை அடுக்கினான். அவன் வேலையே அதுதான். பிக்கோவில் பாட்டு பதிவான மாதிரியே ஒலிப்பதில்லை; ஆளில்லாத இடங்களில் எல்லாம் கீபோர்டுக்காரன் புகுந்து நிரப்புவான். சைரன், கண்ணாடி உடையும் சத்தம், மிருகங்களின் குரல், எது கைக்கு வருகிறதோ அது. ஆடுகிறவர்கள் ஒரு நொடி வெறுமையைக்கூட மன்னிக்க மாட்டார்கள். வெறுமையை விட்டவன் கைவசம் சரக்கில்லாதவன்.

வாத்தியங்கள் நின்றன. யுரானிஸின் உதடுகள் விரிந்தன. தெய்னெரின் விரல் ஒரு கட்டையில் விழுந்தது. நூறு ஒலிபெருக்கிகளிலிருந்து ஒரு குதிரை கனைத்தது.

சனம் கூத்தாடியது. மேளம் மறுபடி விழுந்தபோது தரை அதிர்ந்தது. திரையில் அந்த உதடுகள் கசியானி என்று முடித்து மூடிக்கொண்டன.

இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவருக்கு, பாட்டில் விட்ட இடைவெளியைக் கீபோர்டுக்காரன் நிரப்புவான் என்பது தெரியாதா? தெரியும். அந்த இடைவெளிகளில் எத்தனையோ முறை அவரே ஆடியிருக்கிறார். ஆனால் தன் பெயருக்காக விடப்பட்ட இடம் பாட்டின் மற்ற இடங்களைப் போல இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அதுவரை அவருக்கென்று ஓர் இடம் விடப்பட்டதில்லை அல்லவா, அதன் பழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை.

பாட்டு முடிந்ததும் தெய்னெர் வியர்வையோடு மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தான். முகமெல்லாம் பல்.

"எப்டிக்கா? அந்தக் குதிர! பாத்தீங்களா, சனம் செத்தே போச்சு!"

"அங்க என் பேரு இருந்துச்சு தம்பி."

அவன் பல் மெல்ல மறைந்தது. "அய்யய்யோ... அக்கா... கை தானா போயிருச்சுக்கா. நின்னுச்சு, அடிச்சுட்டேன். சத்தியமா யோசிக்கல." தலையில் அடித்துக்கொண்டான். "இருங்க, இருங்க. மறுபடி போடுறேன். இப்பக் கையையே வைக்க மாட்டேன். பாருங்க நீங்க."

மேடைக்கு ஓடினான். காலிஸ்தோவிடம் ஏதோ சொன்னான். சனமும் இன்னொரு தடவை கேட்டுக் கத்திக்கொண்டிருந்ததால் அவர் தலையாட்டினார். பாட்டு மறுபடி தொடங்கியது. எனெய்தா கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. தெய்னெர் இரண்டு கைகளையும் எல்லாரும் பார்க்கும்படி தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான்.

கை தூக்கியதைச் சனம் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. ஆணும் பெண்ணுமாக, பீர் பாட்டில்களை உயர்த்தி, மைதானம் முழுவதும் ஒரே தொண்டையில் குதிரை போலக் கனைத்தது. எங்கள் தெருக்காரர்களும் கனைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற எதிர் மாடிக்காரர், எனெய்தாவின் மேல் உயிரையே வைத்திருப்பவர், எல்லாரையும்விடச் சத்தமாகக் கனைத்தார்.

காலிஸ்தோ மேடையிலிருந்து மைக்கில், "கருப்பி! பாட்டு பத்திக்கிச்சு!" என்றார். யாரைச் சொல்கிறார் என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே கறுத்த பெண்கள் நூறு பேர் இருந்தார்கள்.

கந்தெலாரியா அழுதாள். எனெய்தா அழவில்லை. "வா, பஸ்ஸு போயிரும்" என்று தங்கையைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வெளியே போனார். வழியில் ஆட்கள் இன்னும் கனைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இணையத்தில் பரவியது அன்று மைதானத்தில் எடுத்த பதிவுதான், கனைப்போடு. அதுதான் அதிகம் பேர் பார்த்தது. பொகோட்டாவில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கனைத்ததை யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். யுரானிஸ் இப்போது வாசனைத் திரவியம் விற்பதில்லை. எனெய்தா சலவைக்கூடத்தில் இருக்கிறார். பாடுவதில்லை. காலிஸ்தோ மூன்று முறை ஆள் அனுப்பினார். தொண்டை சரியில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். தொண்டைக்கு ஒன்றுமில்லை.

போன ஞாயிறு ஒரு புதுப் பாட்டு கேட்டேன். ஆண் ஒரு வரி பாடினான். பின்னாலிருந்து ஒரு பெண் பதில் சொன்னாள். எனெய்தா இல்லை, வேறு குரல், இளையது, நல்ல குரல். யார் என்று ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்தேன். பாடினவன் பெயரைச் சொன்னார்கள். நான் கேட்டது அவனை இல்லை என்றேன். அவர்களுக்குக் கேள்வி புரியவில்லை.